கச்சத்தீவில் ஆளில்லை, நெடுந்தீவில் நாலாயிரம் பேர்: வித்தியாசம் தண்ணீரா?

தேவகோட்டை டீச்சர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீவு வாழ்க்கை பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் அந்தமானும் லட்சத்தீவும் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டி தெரியும், ராமேஸ்வரம் தெரியும். அதனால் பாக் நீரிணையிலேயே உதாரணம் தேடினேன். இரண்டு தீவு கிடைத்தது, கூடவே குழப்பமும்.

கச்சத்தீவு ஒரு மைல் நீளம், அகலம் எங்கே அளந்தாலும் 300 மீட்டர் சொச்சத்தைத் தாண்டாது. அந்தோணியார் கோவில் திருவிழாவுக்கு மாசி, பங்குனி வாக்கில் சிவகங்கை மறைமாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போய் வருகிறார்கள். இரண்டு நாளில் திருவிழா முடிந்ததும் தீவு காலி. "குடிதண்ணி கிடையாது, அதனால் குடியும் கிடையாது" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து 24 கிலோமீட்டரில் இலங்கையின் நெடுந்தீவு. சுமார் 50 சதுர கிலோமீட்டர், நாலாயிரம் பேர் அளவில் குடியிருக்கிறார்கள். அங்கேயும் ஆறு இல்லை, மலை இல்லை. அதே சுண்ணாம்புப் பாறை, அதே ஐப்பசி கார்த்திகை மழைதான். அங்கே மட்டும் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி ஊறுகிறது? நம் ஊர் மாதிரி ஊரணி வெட்டி வைத்துக்கொள்ள முடியாதா? இன்னொன்று: அங்கே வீட்டு வேலியெல்லாம் சாந்தே வைக்காத கல் அடுக்கு. கடல்காற்றில் அது எப்படி நிற்கிறது?

பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது.

நீர்மட்டம் (காரைக்குடி)

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: 300 மீட்டர் அகலம்.

தீவின் அடியில் தண்ணீர் எங்கிருந்தும் ஓடி வருவதில்லை. பெய்த மழையில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு செடிகொடி குடிக்கும், மிச்சம் பாறைக்குள் இறங்கும். அங்கே ஏற்கெனவே நாலு பக்கமிருந்தும் கடல்நீர் புகுந்து நிற்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இலேசான தண்ணீர் கனமான தண்ணீரின் மேல் மிதக்கும். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஆப்பம் மாதிரி இருக்கும். மேல்பக்கம் கொஞ்சம் உப்பல், அடிப்பக்கம் பெரிய தொப்பை.

எவ்வளவு பெரிய தொப்பை என்றால், கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறதோ, கடல்மட்டத்துக்குக் கீழே அதைப்போல் 40 மடங்கு. மேலே 30 சென்டிமீட்டர் நின்றால் கீழே 12 மீட்டர். அந்த 0.025 வித்தியாசத்தால் 1-ஐ வகுத்தால் வருகிற 40 தான் இது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்று இரண்டு பேர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகத் தனித்தனியே கண்டு சொன்ன விதி. ஆனால் இது கணக்குக்கு. நிஜத்தில் நடுவே ஒரு கலப்படப் பகுதி உண்டு, பாதி நல்லது பாதி உப்பு. குடிக்க லாயக்கான கனம் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இனி அகலம். மழையும் பாறையும் ஒன்றுபோல இருந்தால், தீவு இருமடங்கு அகலமானால் ஆப்பத்தின் தடிமனும் கிட்டத்தட்ட இருமடங்கு. காரணம் எளிது. உள்ளே இறங்கிய தண்ணீர் கரைப் பக்கமாக நடந்து கடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கிறது. நடுவிலிருந்து கரை வெகுதூரம் என்றால் வடிய நாளாகும், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கச்சத்தீவின் நடுவில் எங்கே நின்றாலும் கரை 150 மீட்டருக்குள். கார்த்திகையில் இறங்கிய தண்ணீர் நிற்க நேரமில்லாமல் வடிகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரம்கூடத் தேறாது. தேறுகிற கொஞ்சத்தையும் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆட்டிக் கலக்கிவிடும். நெடுந்தீவு கிலோமீட்டர் கணக்கில் அகலம். அதனால்தான் அங்கே பங்குனி சித்திரை வரை கிணறு தாங்குகிறது.

ஆகவே "கச்சத்தீவில் தண்ணீர் இல்லை" என்று எழுதாதீர்கள். "தண்ணீரைப் பிடித்துவைக்க அகலம் இல்லை" என்று எழுதுங்கள்.

தீவகத்தான்

ரீச்சர், மேலே சொன்ன கணக்குச் சரி. ஆனா அதை வாசிச்சிட்டு நெடுந்தீவுக்குக் கீழ ஒரே ஆப்பம்தான் இருக்கு எண்டு பிள்ளையள் நினைக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடிப்பும் பொந்தும். ஒரு கிணறு நல்ல தண்ணி, அம்பது கெஜம் தள்ளி அடுத்தது சவர், உப்புக் கரிக்கிற தண்ணி. பாறை வெடிப்பு கடலோட நேரே தொடுத்திருந்தா, தீவின்ர நடுவில வெட்டினாலும் உப்புத்தான் வரும். மணல் திடல் பக்கம் வெட்டினா நல்ல தண்ணிக்கு வாய்ப்புக் கூட, ஏனெண்டா மணலுக்குள்ளால தண்ணி மெல்லத்தான் நகரும். அதனால குடிக்க ஒண்டு, குளிக்கத் தோய்க்க ஒண்டு எண்டு பிரிச்சு வைக்கிறது தீவுப் பக்கத்து வழக்கம்.

கிணறு வெட்டுற முறையும் உங்கட ஊர் முறைக்கு நேரெதிர்.

வெட்டுற காலம் ஆவணி, புரட்டாதி. தண்ணி ஆகக் கீழ இறங்கி நிக்கிற நேரம் அதுதான். மாரியில வெட்டினா நாலு அடியிலயே தண்ணி கண்டு நிப்பாட்டிப் போடுவினம், அடுத்த சித்திரைக்குக் கிணறு வத்திப்போகும். புரட்டாதியில தண்ணி கண்ட இடத்தில இருந்து இன்னும் ரெண்டு, மிஞ்சினா மூண்டு அடி. அதோட மண்வெட்டியை வைக்க வேணும். தண்ணி காணாது எண்டு இன்னும் ஆழமாத் தோண்டினா கலப்புத் தண்ணிக்குள்ள போய் நிப்பியள். தண்ணி கனக்க வேணும் எண்டால் அகலத்தைக் கூட்ட வேணும், ஆழத்தை இல்லை.

துலாவும் வாளியும் இருந்த காலத்தில ஏன் கிணறுகள் கெடேல்லை எண்டும் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. வாளி தண்ணியின்ர மேல்மட்டத்தைத்தான் அள்ளும். ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் இடையில கிணறு மூச்சு விடும். மோட்டர் அடியில இருந்து ஒரே மூச்சில உறிஞ்சும். உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு கூம்பு மாதிரி எழும்பி வரும். எழும்புறதுக்கு ஒரு மணித்தியாலம் காணும், திரும்ப இறங்க மாசக்கணக்கு. சிலது அடுத்த மாரி வரைக்கும் இறங்காது.

கிணறு கெடத் தொடங்கினதை மீற்றர் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். சவுக்காரம் நுரைக்காது. தென்னம்பிள்ளையின்ர ஓலை நுனி கருகும். தேத்தண்ணி ஒரு மாதிரிக் கரிக்கும். நாக்கு ஏற்கெனவே பழகிப்போயிருக்கும், அதால வெளியில இருந்து வந்த ஆளைக் குடிச்சுப் பாக்கச் சொல்லுறது நல்லது.

குளம், கேணி இருக்கு, ஆனா கோடையில வத்திப்போகும். அந்த நேரம் ஆகக் கஷ்டப்படுறது குதிரையள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில கொண்டுவந்து விட்ட குதிரையளின்ர வழி வந்ததுகள், புல்வெளியில தானா அலையுது. கடும் வறட்சியில தண்ணி இல்லாமல் செத்தும் போகுது. 2015இல தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சது அந்தப் புல்வெளியைச் சேத்துத்தான். அறிவிச்சாப் போல தண்ணி வராது, கோடையில தொட்டி நிரப்ப ஆள் வேணும்.

தேவகோட்டை டீச்சர்

இரண்டு பேருக்கும் நன்றி. "மோட்டார் போட்டால் கெட்டுப்போகும்" என்றால், எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்று எண்ணில் சொல்ல முடியுமா? பிள்ளைகள் கணக்காகப் போட்டுப் பார்க்கட்டும்.

நீர்மட்டம் (காரைக்குடி)

போடலாம். தீவகத்தான் அண்ணன் சொன்ன வெடிப்பு விஷயம் சரியான திருத்தம். நான் சொன்னது மணல் மாதிரி ஒரே சீரான நிலத்துக்கு.

அதே 40 மடங்குக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். கிணற்றில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நின்றால், அதன் நேர் கீழே உப்புநீர் 4 மீட்டர் மேலே வரப் பார்க்கும். ஒரு அடி இறக்கினால் 12 மீட்டர். ஆகவே இத்தனை லிட்டர் என்பதைவிட, எவ்வளவு மட்டம் இறங்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் முக்கியம்.

ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க ஆளுக்கு 50 லிட்டர் வைத்தால் 250 லிட்டர். அரை குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் இறைக்கிறது என்று கொண்டால் ஆறு நிமிட வேலை. காலையில் மூன்று நிமிடம், சாயங்காலம் மூன்று நிமிடம். கெடுவது இதனால் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய், தொட்டி வழிந்து, தோட்டத்துக்கும் பாய்ந்து, முக்கால் மணி நேரம் ஓடினால் 1,800 லிட்டர். அதுதான் கூம்பை எழுப்புகிறது. வழிந்ததும் தானாக நிற்கிற மிதவை சுவிட்ச் ஒன்று பல கிணறுகளைக் காப்பாற்றும். உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் தரையில் விடாமல், ஒரு மிதவையில் கட்டி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட வேண்டும். வாளி செய்த வேலையை அது செய்யும்.

நிறையத் தண்ணீர் வேண்டும் என்றால் ஆழ்துளை போடக்கூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவசமாக ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட நாலு அங்குலக் குழாயைப் போட்டு, சுற்றிலும் சல்லி நிரப்பி, ஒரு கோடியில் தொட்டிக்கிணறு கட்டலாம். ஒரே புள்ளியில் உறிஞ்சுவதை இருபது முப்பது மீட்டர் நீளத்துக்குப் பரப்பிவிடுகிறோம், எந்த இடத்திலும் மட்டம் அதிகம் இறங்காது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று பள்ளிக்கு வாங்கி வையுங்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீர் சுமார் 35,000. நூறு பங்கு நல்ல தண்ணீரில் ஐந்து பங்கு கடல்நீர் கலந்தாலே 1,700 தொட்டுவிடும், ஆறு பங்கில் ஏறக்குறைய 2,000-ஐ எட்டிவிடும். தீவுக்காரர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரியும்.

கூரைத் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். சிந்தினது, முதல் மழையில் கழுவி விட்டது போக 8,000 தேறும். நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு வாசலில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் விழுந்து அண்டாவில் நிறைவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான்.

கொத்தவேலை (கண்டனூர்)

டீச்சரம்மா, ஊரணிக்கும் கல்வேலிக்கும் நான் சொல்றேன்.

ஊரணி நிக்கிறது நம்ம மண்ணால. செம்புறாங்கல்லுக்கு மேல களி கலந்த மண்ணு, வெட்டின பள்ளத்துல வண்டல் படியப் படிய அடி இறுகிப் போயிரும். ஊர்த் தெரு வாட்டமெல்லாம் ஊரணியப் பாத்து விட்டிருப்பாங்க, குடிதண்ணி ஊரணின்னா ஆடு மாடு எறங்காம சுத்துச்சுவரு. கலங்கலா இருந்தா பானைக்குள்ள தேத்தான்கொட்டைய இழைச்சு விட்டாத் தெளிஞ்சிரும். இதே பள்ளத்தச் சுண்ணாம்புப் பாறையில வெட்டினா சல்லடையில ஊத்தின கதைதான். களி போட்டு மிதிச்சு அடிய அடைக்கணும், அந்தக் களிக்குத் தீவுல எங்க போக? மேல்மண்ணே சாண் கணக்குலதான் கெடக்கு. அதோட ஆழமில்லாமப் பரந்து கெடக்குற தண்ணிய வெயிலும் காத்துமே குடிச்சிரும். தீவுல தண்ணிக்குப் பத்திரமான எடம் பூமிக்கு அடிதான்.

இப்ப வேலி. அது முருகைக்கல்லு, பவளப்பாறை. நெலத்துல பயிர் வைக்கணும்னா மொதல்ல கல்லப் பொறுக்கணும். பொறுக்கின கல்ல எங்கயாச்சும் போடணும். அதயே வேலியா அடுக்கிட்டா ஆடு மாடு குதிரையும் உள்ள வராது, ரெண்டு வேலை ஒண்ணா முடியும். முருகைக்கல்லு மேல் முழுக்கப் பொந்தும் முள்ளுமா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். உருண்டைக் கல்லா இருந்தா இப்படி நிக்காது.

சாந்து வைக்காத சுவருக்கு எங்கயும் ஒரே முறைதான். நாலடி உயரத்துக்கு அடியில ரெண்டரை அடி அகலம், உச்சியில ஒண்ணேகால். ரெண்டு முகத்தையும் ஒண்ணா, உள்பக்கம் சாய்ச்சு ஏத்தணும், நூல் பிடிச்சு. பெரிய கல்லெல்லாம் அடி வரியில. கல்லோட நீளம் சுவருக்குள்ள போகணும். முகப்புல அழகாத் தெரியணும்னு நீட்டமா வச்சா அந்தக் கல்லு கழண்டுக்கும். நடுவுல பொடிக்கல்லக் கையால ஒவ்வொண்ணா எறுக்கணும், கூடையோட கொட்டுனா நாளாவட்டத்துல எறங்கி வயிறு தள்ளும். மண்ணப் போட்டு நிரப்பவே கூடாது, மழை கரைச்சிட்டுப் போயிரும், போன எடம் பொந்தாயிரும். ரெண்டாவது அடி உயரத்துல மூணு அடிக்கு ஒண்ணா, சுவரோட முழு அகலத்துக்கும் நீண்ட கல்லு ஒண்ணு குறுக்க வைக்கணும். ரெண்டு முகத்தையும் அதுதான் சேத்துப் பிடிக்கும். ஜாயின்ட்டு மேல ஜாயின்ட்டு விழவே கூடாது.

காத்துல எப்படி நிக்குதுன்னு கேட்டீங்க. சந்துக்குள்ள காத்து பூந்து வெளிய வந்துருது, அதான். சாந்து பூசி அடைச்ச மெல்லிசுச் சுவருதான் காத்த நெஞ்சுல வாங்கும். சந்து வழியா வேகம் கொறஞ்சு வர்ற காத்து உள்ள இருக்குற நாத்தயும் உலுக்காது. சரிஞ்சாலும் ரெண்டு ஆளு அரை நாள்ல அதே கல்ல எடுத்து அடுக்கிரலாம்.

ஒண்ணு கட்டாயம் சொல்லுங்க. முருகைக்கல்லும் கடல் மணலும் உப்பு ஊறினது. அதப் போட்டுக் கம்பி கான்கிரீட் பண்ணினா உப்பு உள்ள இருந்தே கம்பியத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிச்ச கம்பி ஊதி, மேல கான்கிரீட்ட வெடிச்சு உதுத்துரும். அங்க கெடக்குற பழைய கோட்டை முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான், கம்பியே கெடையாது. அதான் இடிஞ்சும் நிக்குது.

தொண்டிக்கரை

கொத்தவேலை அண்ணன் சொன்ன முருகைக்கல்லைப் படித்துவிட்டு யாரும் நம் கடலில் போய் எடுத்துவிடக் கூடாது. கல்பவளம் முழுவதும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்.

சட்டத்துக்குப் பின்னால் பெரிய இழப்பு இருக்கிறது டீச்சர், அதையும் பாடத்தில் சேருங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவு என்று கணக்கு. 1986இல் தேசியப் பூங்கா ஆனது. அதில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல வருடம் பவளப்பாரை, அதாவது கடலடிப் பவளத் திட்டை, வெட்டி எடுத்தது பெரிய காரணம். தீவுக்கு முன்னால் இருக்கிற பவளப்பார்தான் அலையை உடைக்கிறது. பார் போனால் அலை நேராகக் கரையில் மோதும், மணல் கரையும், தீவு சுருங்கும். சுருங்கினால் அகலம் குறையும், மேலே சொன்ன நல்ல தண்ணீரும் சேர்ந்து குறையும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைக் காப்பாற்ற கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

நெடுந்தீவை நேரில் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய கப்பலின் பெயரே "சிவகங்கை". பாஸ்போர்ட் கட்டாயம். வாடைக்காலத்தில் கடல் கெட்டால் ஓட்டம் நின்றுவிடும், அதனால் ஐப்பசி முதல் மார்கழி வரை திட்டம் போடாதீர்கள். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் துறை, பிறகு படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோழகக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அந்த ஒரு மணி நேரம் நன்றாகத் தூக்கிப் போடும். குறிகாட்டுவானில் இறங்கியதுமே கடைசிப் படகு திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் இங்கிருந்தே போகட்டும், தீவுக் கிணற்றை நம்பிப் போவது அங்குள்ளவர்களின் பங்கில் கை வைப்பது. வெயில் தாங்கப் பனையும் ஒரு பெரிய பெருக்கமரமும்தான், குடை உதவும்.

கச்சத்தீவுக்கு நாம் போக முடிவது திருவிழாவுக்கு மட்டும், ராமேஸ்வரத்தில் பெயர் பதிந்து, அனுமதி பெற்ற படகில். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

தேவகோட்டை டீச்சர்

இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியாக ஒன்று: அந்த ஆப்பத்தை வகுப்பில் கண்ணால் காட்ட வழி உண்டா?

நீர்மட்டம் (காரைக்குடி)

உண்டு. இரண்டடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி போதும், முன்பின் அகலம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கரடுமுரடான மணலைத் தெளிவு வரும் வரை கழுவுங்கள், பத்துத் தண்ணீராவது ஆகும். நடுவில் மேடாக, முன் கண்ணாடியை ஒட்டிக் குவியுங்கள். இரு பக்கமும் பள்ளம் இருக்கட்டும். லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரைத்து, வடிகட்டி, பள்ளத்தின் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். மேட்டின் உச்சி மட்டும் இரண்டு விரல்கடை வெளியே தெரிய வேண்டும்.

நல்ல தண்ணீரில் நீல நிறக் கேசரிப் பவுடரைக் கலந்து, அடியில் ஊசித் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலால் மேட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் மேடு கரைந்து எல்லாம் ஒரே நீலமாகிவிடும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். பள்ளத்தில் மட்டம் ஏறினால் ஒரு குழாய் வைத்து வடித்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் நீலம் கண்ணாடியோரம் தொப்பை போட்டு நிற்பது தெரியும்.

பிறகு ஒரு சிரிஞ்சில் சலைன் குழாயை மாட்டி நீலத்தின் நடுவில் செருகி, ஒரு பிள்ளையை மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள், நீலத் தண்ணீர் வரும். அடுத்த பிள்ளையை வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். குழாய் முனைக்குக் கீழே நீலத்தைத் துளைத்துக்கொண்டு நிறமில்லாத உப்புத் தண்ணீர் கூம்பாக ஏறும், சிரிஞ்சில் நிறம் வெளுக்கும். இரண்டு சிரிஞ்சையும் டிடிஎஸ் மீட்டரில் காட்டுங்கள், ஆனால் உப்பு கூடினால் சின்ன மீட்டர் எண் காட்டாமல் நின்றுவிடும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுக் கலந்து அளந்து, பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தீவகத்தான்

உறிஞ்சி முடிஞ்ச பிறகு சிரிஞ்சைக் கழட்டாமல் அப்பிடியே விட்டு, அடுத்த நாள் காலமை தொட்டியைப் பாக்கச் சொல்லுங்கோ ரீச்சர். கூம்பு முழுசா இறங்கியிராது.